கழுத்தில் ஒரு குரோத்

கார்த்திகை, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஏனாத்தூர் பஸ்ஸில் நின்றபடியே கல்லூரிக்கு. ஆபீஸ் மீட்டிங்கில் முதல்வர் அட்மிஷன் குரோத் பற்றி அறுத்துத் தள்ளினார். "குரோத் இல்லேன்னா நாம இல்ல." எல்லாரும் தலையாட்டினோம்.

சாயங்காலம் ஸ்கேன் ரிப்போர்ட். தைராய்டில் குரோத் என்று போட்டிருக்கிறது. "ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம். புதன்கிழமை வாங்கம்மா, கூட யாராவது வரணும்" என்றார் டாக்டர்.

கூட யார்? கட்டியை விட இதுதான் பெரிய கவலை.

செவ்வாய்
சென்னைக்கு, தம்பிக்கு போன். அவன் மனைவி எடுத்தாள். "அண்ணி, உங்க மருமகனுக்கு செம குரோத்! பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல போயிடுச்சு." சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

குரோத் கல்லூரிக்கு வந்தால் ஸ்வீட். தம்பி பையனுக்கு வந்தால் புது பேண்ட். எனக்கு வந்தால் சொல்லக்கூட ஆளில்லை.

இருட்டும் நேரத்தில் எதிர்வீட்டு சரோஜாவிடம் கொட்டிவிட்டேன். தறியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "இன்னாக்கா, இத்த போய் மூடி வெச்சிக்கினு இருக்கற? நாளைக்கு அமாவாசதானே, தறி லீவு. நான் வரேன்." அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அப்பாடா. ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

புதன், அமாவாசை
கிளம்பும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் லீவாம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். சரோஜா பூ வைத்துத் தயாராக நின்றாள். அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "வெள்ளிக்கெழம முகூர்த்தப் புடவ குடுக்கணும், ஞாபகம் இருக்குதா?" என்றார்.

"வேணாம் சரோஜா, தம்பி வரான்" என்றேன். பச்சைப் பொய்.

வியாழன்
பால், கொசுவத்தி. தெரு முழுக்கத் தறிச் சத்தம். போனை எடுத்தேன், வைத்தேன். பயமாக இருக்கிறது.

வெள்ளி
மழை இல்லை. கதவைத் திறந்தால் வாசலில் சரோஜா, கையில் பை.

"தம்பி வரான்னா நேத்தே கோழி எடுத்துக்கினு வந்திருப்ப. யாருகிட்ட புளுவுற?"

"புடவை?"

"கல்யாண வூட்டுக்காரங்க ஒரு நாளு காத்துக்கினு இருக்கட்டும். பஸ்ஸு போயிடும், நட."

பூட்டுப் போடும்போது அழுதுவிட்டேன். அவளே பூட்டினாள்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். இப்போதுதான் நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லி, "கூட யாரு?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் சரோஜா கையைத் தூக்கிவிட்டாள்.