ஞாயிற்றுக்கிழமை அழைப்பைத் திரும்பக் கேட்க வழி கோரி

அனுப்புநர்:
ரா. இசக்கிமுத்து (வயது 63),
த/பெ ராமர்,
ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர் (ஓய்வு),
பஜார் ரோட்டுக்குப் பின்புறம்,
மட்டாஞ்சேரி, கொச்சி – 2.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
எறணாகுளம் மாவட்டம், காக்கநாடு.
(தமிழ் மனுக்களைப் பார்க்கும் பிரிவின் கவனத்திற்கு)

பொருள்: கைபேசி அழைப்பைப் பதிவு செய்யும்போது எதிர்முனையில் ஒலிக்கும் அறிவிப்பு – காது கேளாத எனக்கும் என் மகளுக்கும் அதனால் ஏற்பட்ட பிரிவு – பரிகாரம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாவது வயதில் கொச்சிக்கு வந்தவன். தோப்பும்படியில் ஒரு ஐஸ் பிளான்டில் முப்பத்தொரு வருடம் கம்ப்ரசர் ஓட்டினேன். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன ஆகுமோ அது எனக்கும் ஆனது. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் சத்தம் விழும், சொல் விழாது. இலவச முகாமில் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொண்டு போனை எடுத்தால் அது குக்கர் மாதிரி விசில் அடிக்கிறது. இதையெல்லாம் தங்களிடம்தான் முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

2. என் ஒரே மகள் சுமா பெங்களூரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். மருமகன் பினு திருப்பூணித்துறைக்காரர், தங்கமான பிள்ளை. ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குச் சுமா என்னை அழைப்பாள். என் மனைவி பேச்சியம்மாள் இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். மகள் சொன்னதை அவள் என் வலது காதில் உரக்கச் சொல்வாள், நான் ஒரு வார்த்தை பதில் சொல்வேன். அப்பா அதிகம் பேசாதவர் என்று மகள் நினைத்துக்கொண்டாள். நான்கு வருடத்துக்கு முன் பேச்சியம்மாள் காலமானாள். அதற்கடுத்த ஞாயிறு போன் வந்தபோது எடுப்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

3. ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் ஓடும்போது யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே. எதிராளியின் குரல் ஏறி நின்றால் அது கேள்வி, "ஆமா" என்போம். குரல் இறங்கி நின்றால் அது சேதி, "சரி" என்போம். பேச்சு நின்றுபோனால் "அப்புறம்?" என்போம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே முப்பத்தொரு வருடம் ஷிப்ட் மாற்றியிருக்கிறோம். மகளிடமும் நான் இதைத்தான் செய்தேன்.

4. என் பழைய போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். பேசி முடித்தவுடன் ஒரு சாயா போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பதிவைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, வலது காதை அதில் ஒட்டவைத்துக் கேட்பேன். மூன்றாம் தடவைக்கு எல்லாம் புரிந்துவிடும். அவள் வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருந்தால் அப்போதுதான் சிரிப்பேன். அடுத்த ஞாயிறு போனை எடுத்ததும், பினுவுக்குக் காய்ச்சல் என்றாயே, விட்டதா என்று நானே ஆரம்பிப்பேன். அப்பா எதையும் மறக்கமாட்டார் என்று அவளுக்கு ஒரே பெருமை. ஒருமுறை ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டு அம்மிணி சேச்சி எட்டிப்பார்த்து ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல ஆமா என்றேன். மதியம் இரண்டு பேருக்குச் சோறும் மீன் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் வீடெல்லாம் தேடியபோதுதான், மகள் வந்திருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார் என்பது விளங்கியது. சிரிப்பாகத்தான் இருக்கும் ஐயா. ஆனால் வாரத்தில் மற்ற ஆறு நாளும் என் வீட்டில் பேச்சுச் சத்தம் என்பதே கிடையாது.

5. கடந்த ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பழைய போன் செத்துப்போனது. பேலஸ் ரோட்டில் போன் கடை வைத்திருக்கும் திரு. ரமேஷ்பாபு புதிய போன் ஒன்று கொடுத்தார். எல்லா அழைப்பும் பதிவாக வேண்டும் என்று நான் கேட்க, அவரும் அப்படியே செட் செய்து தந்தார். இந்தப் புது போனில் பதிவு தொடங்கும் முன் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் அறிவிக்குமாம். அன்றைக்கே என்னிடம் சொன்னதாக ரமேஷ்பாபு சத்தியம் செய்கிறார். சொல்லியிருப்பார். நான் சரி என்றிருப்பேன். அந்த அறிவிப்பு என் காதிலும் விழவில்லை, பதிவிலும் விழவில்லை. என் மகள் காதில் மட்டும் வாராவாரம் விழுந்துகொண்டிருந்தது.

6. பதிவு என்ற சொல்லே என் மகளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான இரண்டாம் வருடம், படுக்கையில் கிடந்த மாமியாரை யார் பார்த்துக்கொள்வது என்று பினுவின் அண்ணன் ஜிதினுக்கும் அவளுக்கும் போனில் வாக்குவாதம் வந்தது. கோபத்தில் இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிட்டாள். ஜிதின் அதை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்துவைத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த ஓணத்தன்று நடுவீட்டில் போட்டுக்காட்டினார். ஆறு மாதம் அந்த அம்மாவுக்கு மலமும் மூத்திரமும் எடுத்தவள் என் மகள்தான். அது எந்தப் பதிவிலும் இல்லை. அந்த வாரமே பினுவும் அவளும் பெங்களூர் போய்விட்டார்கள். ஆகவே, எதிராளிக்குச் சொல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு நியாயமானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது அன்றைக்கே இருந்திருந்தால் என் பிள்ளை அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நின்றிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியாமல் நான்கு வருடம் நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்பதையும் இங்கே மறைக்கவில்லை.

7. புது போன் வந்தபின் மூன்று ஞாயிறு, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கா என்ற மூன்று கேள்வியோடு சுமா போனை வைத்துவிட்டாள். வேலை நெருக்கடி என்று நினைத்தேன். நான்காவது ஞாயிறு, செப்டம்பர் 21 அன்று, நான்கு நிமிடம் பேசினாள். மகள் மனம்விட்டுப் பேசுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். சாயாவோடு உட்கார்ந்து பதிவைப் போட்டேன். அதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். "அப்பா, நான் பேசுறத ரெக்கார்ட் பண்றீங்களா?" என்று அவள் கேட்கிறாள். நான் "ஆமா மோளே" என்கிறேன். யாராவது செய்யச் சொன்னார்களா என்கிறாள். ஆமா என்கிறேன். ஜிதின் சேட்டனா என்கிறாள். அதற்கும் ஆமா என்கிறேன். நீங்களும் இப்படித்தானாப்பா என்று தணிந்த குரலில் சொல்கிறாள். நான் சரி என்கிறேன். அதன்பின் பேச்சு இல்லை, அழுகிறாள். ஸ்பீக்கரில் அந்த அழுகை தெளிவாகக் கேட்டது. அதன் நடுவே என் குரல், சிரிப்போடு, "அப்புறம் என்ன விசேஷம்?" என்கிறது.

8. உடனே திரும்ப அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. பினுவும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரமேஷ்பாபுவிடம் ஓடிப்போய்ப் பதிவை நிறுத்தவைத்துவிட்டு அழைத்தேன். எடுத்தாள். இப்போ பதிவு இல்லை மோளே, ஜிதினும் இல்லை, யாரும் இல்லை என்று கத்தினேன். பிறகு அவள் இரண்டு நிமிடம் பேசினாள். பதிவு இல்லாததால் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் குரல் இறங்கி நின்றது, நான் சரி என்றேன். இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று சொன்னாளோ, அதற்குத்தான் நான் சரி என்றேனோ ஐயா. அன்றிலிருந்து அவள் அழைக்காமல் ஒன்பது ஞாயிறு போய்விட்டது. மணி அடிப்பது கேட்காது என்பதால் போனை எவர்சில்வர் தட்டில் வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால் தட்டு அதிரும், கைக்குத் தெரியும். ஞாயிறு பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

9. காது கேட்காது என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை வினை வந்திருக்குமா என்று தாங்கள் கேட்கலாம். வந்திருக்காது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். செவிடு என்று தெரிந்தால் ஜனங்கள் முதலில் உரக்கப் பேசுவார்கள். கொஞ்ச நாளில் சுருக்கிப் பேசுவார்கள். அப்புறம் ஒண்ணுமில்லை போங்கள் என்று கையை ஆட்டிவிடுவார்கள். சாயாக்கடையில் என்னோடு பத்து வருடம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் இன்று கையைத்தான் ஆட்டுகிறார்கள். மகளும் அப்படி ஒண்ணுமில்லைப்பா என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் மறைத்தேன். நேரில் போகலாமே என்றால், போனாலும் அவள் கேட்கிற கேள்விக்கு நான் ஆமா, சரி என்றுதான் நிற்பேன்.

10. போன் கம்பெனியின் குறைதீர்க்கும் எண்ணுக்கும் ரமேஷ்பாபுவை விட்டுப் பேசச் செய்தேன். அங்கே எடுத்தவுடனேயே, எங்கள் பேச்சைப் பதிவு செய்வதாக அறிவித்தார்களாம். அவர்கள் செய்யலாம், நான் செய்தால் சந்தேகம். பதினேழு நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, இது தங்கள் கையில் இல்லை என்று வைத்துவிட்டார்கள். ஆகவே தங்கள் படியேறுகிறேன்.

11. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) அறிவிப்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. காது கேளாதோர் அடையாள அட்டை உள்ளவர்களின் போனில் மட்டும், "இவருக்குக் காது கேட்காது, திரும்பக் கேட்பதற்காகப் பதிவு செய்கிறார்" என்று காரணத்தையும் சேர்த்து, எதிராளிக்குப் புரியும் மொழியில் சொல்லும்படி செய்ய வேண்டும். இது தங்கள் அதிகாரத்தில் இல்லையென்றால் தொலைத்தொடர்புத் துறைக்கு இம்மனுவை அனுப்பிவைக்க வேண்டும்.

(ஆ) அந்த அடையாள அட்டைக்கு நான் இதுவரை விண்ணப்பிக்கவில்லை. காரணம் மேலே ஒன்பதில் உள்ளது. இப்போது விண்ணப்பிக்கிறேன்.

(இ) என் மகள் கொச்சியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. போனில் தமிழ் எழுத்தில் நான் அனுப்பியது அவளுக்கு வெறும் கோடுதான். தெருவில் ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தால் சாயங்காலத்துக்குள் மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்துவிடும். தமிழ் மனுக்களை மலையாளத்தில் மாற்றத் தங்கள் அலுவலகத்தில் ஆள் உண்டு என்று அறிகிறேன். இம்மனு முழுவதையும் மலையாளத்தில் மாற்றி, அலுவலக முத்திரையிட்டு, அவள் முகவரிக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

அ, ஆ இரண்டும் நிறைவேற வருடக்கணக்கில் ஆகலாம் என்பது எனக்குத் தெரியும். இ ஒன்றை மட்டும் உடனே செய்து தந்தால் போதும். மொழிபெயர்ப்பவர் வேலை மிகுதியால் மற்றதையெல்லாம் சுருக்கினாலும் பரவாயில்லை. ஏழாம் பத்தியில் ஒரு வரி கூடக் குறைக்க வேண்டாம். அதோடு, நீ அழுதது அன்றைக்கு உன் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் முத்திரையை நம்பிக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ரா. இசக்கிமுத்து

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 24.11.2025

நகல்: திருமதி சுமா பினு, பெங்களூர் (மலையாளத்தில்)