லெந்து நாட்களில் இருபத்தொரு கிலோமீட்டர்

மார்ச் 3, 2025, திங்கள்

ஏழு கிலோமீட்டர். துறைமுகச் சாலையில் போய்த் திரும்பினேன். நிலக்கரி லாரித் தூசியில் மூக்கெல்லாம் கறுப்பு.

பள்ளிக்கூடத்தில் சரண்யாதேவி ஓட்ட வேகம் காட்டும் என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். என்னோடு வேலை பார்க்கும் விளையாட்டு ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எனக்குப் பயிற்சி அட்டவணை எழுதித் தருகிறவள் அவள்தான்.

"என்னக்கா இது, நாய் வெரட்டுன மாரி ஓடியிருக்கீங்க? கத பேசிக்கிட்டே ஓட முடியணும். அதான் சரியான வேகம்."

கதை பேசிக்கொண்டிருந்தால் எப்போது போய்ச் சேருவது? போன அக்டோபரில் மதுரை அரை மாரத்தானில் நேரம் போதாமல் பதினேழாவது கிலோமீட்டரில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வரும் ஏப்ரல் 27, நாகர்கோவில். மூன்று மணி நேரத்துக்குள் இருபத்தொன்றையும் முடித்தே ஆக வேண்டும்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து உபவாசம் தொடங்கியாயிற்று. சாயங்கால ஆராதனை முடியும்வரை தண்ணீர் மட்டும். கல்யாணமான மறு வருடத்திலிருந்து பதினாலு லெந்தும் இப்படித்தான். முதலில் பிள்ளைக்காக. இப்போது எனக்கு நாற்பத்திரண்டு. இப்போது எதற்காக? நிறுத்தினால், "போதும் ஆண்டவரே, நம்பிக்கை விட்டாச்சு" என்று நானே போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதுதான் நிறுத்தவில்லை.

ஓட்டத்தையும் நிறுத்த மாட்டேன்.

மார்ச் 15, சனி

பன்னிரண்டு கிலோமீட்டர். ஞாயிறு ஆலயம் என்பதால் நீண்ட ஓட்டம் எனக்குச் சனிக்கிழமை. உப்பளங்களைத் தாண்டும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

சரண்யா போனில் கேட்டாள்: "ஓடி வந்து சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சு. நாலு இட்லி."

லெந்தில் பொய் வேறு!

மார்ச் 22, சனி

பதினாலு. வலது கணுக்காலுக்கு மேலே சுருக் சுருக்கென்கிறது. விரல் வைத்தால் அந்த ஒரே இடம்.

மார்ச் 26, புதன்

அட்டவணையில் ஓய்வு. ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். ஒரு நாள் உட்கார்ந்தால் எல்லாம் போய்விடும் என்று பயம்.

மார்ச் 29, சனி

பதினாறு ஓடப் போய் ஒன்பதில் நின்றுவிட்டேன். காலை ஊன்ற முடியவில்லை. உப்பு லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "என்னம்மா, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் விக்டர் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எலும்பில் கீறல்.

டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? ஓடி வந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள்? விக்டர் பக்கத்திலேயே இருந்தார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"இவ்வளவு ஓடிட்டு, பொழுது சாயுற வரைக்கும் வெறும் வயிறா? எலும்பு எதை வச்சும்மா தாங்கும்? எட்டு வாரம் ஓடக் கூடாது. முதல்ல சாப்பிடுங்க."

எட்டு வாரம். போட்டிக்கு நாலு வாரம்கூட இல்லை.

எல்லாம் போச்சு. என்ன உடம்பு இது? பிள்ளையும் பெறாது, ஓடியும் முடிக்காது. தொடங்குனத ஒரே ஒரு தடவ முடிச்சுக் காட்டுன்னுதான கேட்டேன்? அதுகூடவா கேக்கக் கூடாது?

ஏப்ரல் 2, புதன்

சரண்யாவிடம் இட்லிப் பொய்யைச் சொன்னேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது.

"சொல்லியிருந்தா லெந்து முடியட்டும்னு தள்ளிப் போட்டிருப்பேனேக்கா. ஒண்ணு உபவாசம் இருக்கணும், இல்லன்னா ஓடணும். ரெண்டுக்கும் சேத்து எழுதுன அட்டவணையா அது?"

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 4, வெள்ளி

விக்டர் காலையில் தோசையைத் தட்டில் வைத்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"ஏளா, பிள்ள இல்லன்னு நான் என்னைக்காவது ஒன்னக் கேட்டிருக்கனா?"

கேட்டதில்லை. பதினாலு வருடத்தில் ஒரு நாள்கூட. "கேட்டிருக்கலாம்லா! கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்லா!" என்று கத்திவிட்டேன். அப்புறம் அவர் அழுதார். நான் இதுவரை பார்த்ததில்லை.

தோசை ஆறிப்போயிற்று. ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்தெழுந்த ஞாயிறு. நொண்டிக்கொண்டே ஆலயம் போனேன். வாசலில் எங்கள் சபையைச் சேர்ந்த அற்புதமணி அத்தை பிடித்துக்கொண்டார். "ஓடி ஓடிக் காலை ஒடிச்சிக்கிட்டியாமே? வீட்டுல பிள்ள குட்டி இருந்தா இதுக்கெல்லாம் நேரம் இருக்குமா?"

சிரித்துவிட்டு வந்தேன். ஏன் சிரித்தேன்? வெட்கங்கெட்ட சிரிப்பு.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஓடவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

மே 14, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 7, சனி

டாக்டரம்மா போன வாரம் சம்மதித்தார். சரண்யா புது அட்டவணை தந்தாள்: நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், ஆறு தடவை.

இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். நடைபயிற்சிக்கு வந்த பெரியவர்களெல்லாம் என்னை முந்திக்கொண்டு போனார்கள். ஆறாவது தடவை முடிந்தபோது கால் வலிக்கவில்லை. இன்னும் ஓடலாம் போல இருந்தது, ரொம்ப ஆசையாக இருந்தது. நின்றுவிட்டேன்.

மொத்தம் ஆறு நிமிடம். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே முடித்தது இன்றைக்குத்தான். நாளைக்கு ஓய்வு.