சாரதிக்குக் கொடுத்த போத்தல்

ஞாயிறு இரவு, எம்மன்புரூக்கே, சுவிஸ்

தொழிற்சாலை நண்பர்களோடு ஸ்கொட்லாந்து போய் இன்று திரும்பினேன். அங்கே மிகப் பழைய விஸ்கி வடிசாலை ஒன்றில் எல்லோருக்கும் ருசி பார்க்க ஊற்றினார்கள். நான் குடியை விட்டு ஆறு வருடம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நான்தான் கார் ஓட்டுகிறேன் என்றேன். சாரதிகளுக்கு, வீட்டுக்குப் போய்க் குடிக்கவென்று ஒரு சின்னப் போத்தல் கொடுப்பார்களாம். மடையன் மாதிரி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்த மனைவி அதைத் தூக்கிப் பிடித்தாள். "இதென்னப்பா?"

நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோய் ஆருக்காவது குடுங்கோ" என்று என் கையிலேயே தந்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

முன்பெல்லாம் வாசலிலேயே என் வாயை மணந்து பார்ப்பவள். இன்று போத்தலின் மூடி திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.