கடத்தூரில் மூணு பந்தயம்

கடத்தூர்
8-12-1985

அன்புள்ள தீர்த்தாவுக்கு,

மாடு கன்றோடு எல்லோரும் நலம் என்று எழுதலாம்தான். நம்மிடம் மாடும் இல்லை, கன்றும் இல்லை. நான் மட்டும் நலம். நீயும் பாப்பாவும் உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்களா? ஓசூரில் இந்த மாதம் குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள். பாப்பாவுக்குக் காதை மூடித் துணி கட்டிவிடு.

நான் இப்போது முனியப்பன் மண்டியில் தராசுப் பக்கம் நிற்கிறேன். நிலக்கடலை வரத்து அதிகம். வேலை பரவாயில்லை. ஆனால் ஒரே இடத்தில் நிற்பதென்றால் எனக்குக் காலில் எறும்பு ஏறுகிற மாதிரி இருக்கிறது. அது உனக்குத் தெரிந்ததுதான்.

ஒரு விஷயம். ஜனவரி இருபத்தாறுக்கு நம் ஊர் இளைஞர் மன்றத்தில் புதுசாக ஒரு பந்தயம் வைக்கிறார்கள். பேங்குக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஆபீசர் ஒருத்தரின் யோசனை. முதலில் ஏரியில் நீந்தி அக்கரை ஏற வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு பொம்மிடி போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏரிக்கரையைச் சுற்றி ஓடி, பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கு டிரையத்லான் என்று பெயராம். நம் ஆட்களுக்கு வாயில் நுழையவில்லை, ‘மூணு பந்தயம்’ என்று வைத்துவிட்டார்கள்.

நான் பெயர் கொடுத்துவிட்டேன். துணி வியாபாரம் பண்ணுகிற நம் காஜா சிரிக்கிறான். “முப்பத்தி நாலு வயசுல உனக்கு எதுக்குடா இது? ஒரு வேலையில ஒழுங்கா நிக்க மாட்டேங்கற, மூணு பந்தயத்துல நிக்கப் போறியா?” என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு வந்தால் நன்றாக இருக்கும். கட்டாயம் இல்லை.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்


ஓசூர்
16-12-1985

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பாப்பாவுக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. ‘அ’னா ‘ஆ’வன்னா சிலேட்டில் எழுதுகிறாள். அக்கா வீட்டுக்காரர் முகம் கோணாமல்தான் இருக்கிறார். இருந்தாலும் அடுத்தவர் வூடு அடுத்தவர் வூடுதானே.

கம்பெனியில் என்னை மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். கண்ணும் கையும் அதிலேயே இருப்பதால் வேறு நினைப்பு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் கஷ்டம். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன். அக்கா திட்டுகிறாள்.

பந்தயம் பற்றி நான் என்ன சொல்ல? நீங்கள் தொடங்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தொடங்குவீர்கள். பஸ் கம்பெனி, கோழிப்பண்ணை, அரூரில் அந்த ரேடியோ ரிப்பேர். விட்டதுகூட எனக்குப் பெரிதில்லை மாமா. சேலம் மில்லில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மைசூர்பாகு வாங்கி வந்தீர்கள். தெருவுக்கெல்லாம் என் கையால் கொடுத்தேன். நீங்கள் அந்த வேலையை விட்டு அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மில் வாசலில் போய் நின்றபோது வாட்ச்மேன்தான் சொன்னார்: “அவரு நின்னு ரொம்ப நாளாச்சேம்மா. உங்களுக்குச் சொல்லலீங்களா?”

அந்த ‘சொல்லலீங்களா’ இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் வருவதாக இல்லை. லீவு கிடைக்காது.

தீர்த்தம்மாள்


கடத்தூர்
29-12-1985

அன்புள்ள தீர்த்தாவுக்கு,

நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். அதனால்தான் தாமதம்.

தினமும் காலையில் ஏரிக்குப் போகிறேன். எனக்கு நீச்சல் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். ஏரியில் பிடிக்க ஒன்றுமே இல்லை. முதல் நாள் பாதி தூரத்தில் எனக்குப் பயம் வந்து, மல்லாந்து மிதந்துகொண்டே திரும்பினேன். கரையில் துணி துவைத்த பெண்கள், “யாரோ செத்து மிதக்கறாங்கடி!” என்று கத்திவிட்டார்கள்.

பேங்க் ஆபீசர் நல்ல மனிதர். “அவசரப்படாதீங்க கிருஷ்ணப்பன். நீங்க தண்ணியோட சண்டை போடறீங்க” என்கிறார். இப்போது அக்கரை போய்விடுகிறேன். சைக்கிள் காஜாவுடையது. துணி மூட்டை கட்டுகிற கேரியரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். சைக்கிளை விட்டு இறங்கி ஓடும்போதுதான் வேடிக்கை. கால் என்னுடைய கால் மாதிரியே இருப்பதில்லை. கள் குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறேன்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ இல்லாத வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மண்டியில் இன்னும் இருக்கிறேன். நம்பாவிட்டால் முனியப்பனுக்கே எழுதிக் கேள்.

உன் மாமன்,
கிருஷ்ணப்பன்


ஓசூர்
10-1-1986

அன்புள்ள மாமாவுக்கு,

முனியப்பனுக்கு நான் எதற்கு எழுத வேண்டும்? புருஷன் வேலையில் இருக்கிறாரா என்று ஊராரிடம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வெறும் வயிற்றில் ஏரியில் இறங்காதீர்கள். கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டுப் போங்கள். உங்களைச் செத்தவர் என்று சொன்ன இடத்தைப் படித்து அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தயத்தன்று என்ன நடக்கிறதோ, அதை அப்படியே எழுதுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

பாப்பா உங்களுக்கு ஒரு மீன் வரைந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன்.

தீர்த்தம்மாள்


ஓசூர்
31-1-1986

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று காஜா அண்ணன் பெங்களூருக்குத் துணி எடுக்கப் போகிற வழியில் இங்கே வந்தார். டீ குடித்தார், பாப்பாவுக்குப் பிஸ்கட் கொடுத்தார். பந்தயப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“நான் சொல்லக் கூடாது தங்கச்சி. ஆனா நீ கேக்கற, பொய் சொல்ல வாய் வரலை. பொம்மிடி ரயில்வே கேட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். அவன் சைக்கிளைச் சேலம் பஸ் மேல ஏத்திட்டு உள்ள ஏறிட்டான். நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கலை. பஸ் போயிடுச்சு.”

பஸ் போயிடுச்சு.

பந்தயம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று வேலையில் இரண்டு காயிலைத் தலைகீழாகச் சுற்றி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். இந்த வயசில் நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று யார் கேட்டது? ஊருக்குள்ளேயே ஒரு பந்தயம், நடந்தாவது வந்து சேர்ந்திருக்கலாமே. அதிலிருந்துமா பஸ் ஏறிப் போக வேண்டும்?

பாப்பாவை ஜூனில் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன். நான் இனி அங்கே வருவேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

தீர்த்தம்மாள்


கடத்தூர்
5-2-1986

அன்புள்ள தீர்த்தாவுக்கு,

காஜா சொன்னது உண்மை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை நாளாக நான் எழுதாததற்குக் காரணம், எப்படி எழுதினாலும் நீ நம்பமாட்டாய் என்று தோன்றியதுதான். நடந்ததை அப்படியே எழுது என்று கேட்டாய். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, எங்களை ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். இருபது பேருக்கு மேல் இருந்தோம். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். யாராவது முழுகினால் தூக்க ஒகேனக்கல்லிலிருந்து பரிசல்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். விசில் ஊதினதும் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு குதித்தார்கள். எவனோ என் மூக்கில் உதைத்தான். நான் நின்று, எல்லோரும் போன பிறகு நிதானமாக இறங்கினேன். சண்டை போடாமல் நீந்தினேன். தீர்த்தா, நான் நாலாவதாகக் கரை ஏறினேன்! கரையெல்லாம் ஜனம். என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அந்தக் கத்தல்தான் என்னைக் கெடுத்தது. பரிசு வாங்கி உனக்கு அனுப்புவதாக அப்போதே மனசில் முடிவு கட்டிவிட்டேன். வெறி பிடித்தவன் மாதிரி மிதித்துப் பொம்மிடி போய்ச் சந்தையைச் சுற்றித் திரும்பினேன். திரும்பும்போது கேட் போட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் தாண்டிப் போய்விட்டார்கள். கூட்ஸ் வண்டி. அது நகருவதாகவே இல்லை. நான் நிற்க நிற்க, பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கேட் திறந்ததும் கொஞ்ச வயசுப் பையன்கள் என்னைத் தள்ளிக்கொண்டு பறந்தார்கள். என் தொடை பிடித்துக்கொண்டது. இறங்கி நின்றேன். கடைசி ஆளும் என்னைத் தாண்டிப் போனான்.

பக்கத்தில் சேலம் பஸ் நின்றிருந்தது. “சேலம், சேலம்” என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். யோசித்து ஏறினேன் என்று சொன்னால் அது பொய். ஏறிவிட்டேன். காஜா கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

அரை டிராயர், பனியன், முதுகில் நம்பர் குத்தின துணி. பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: “எங்கீங்க போறீங்க?”

“சேலத்துக்குங்க.”

“சேலத்துல எங்க?”

அதற்குள் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். டிராயரில் பாக்கெட்கூட இல்லை. “காசில்லாம எதுக்குய்யா ஏறின? வேஷத்தப் பாரு! இறங்கு, இறங்கு!” என்று விசில் அடித்தார்.

மனசு மாறி நானாக இறங்கினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை தீர்த்தா. இறக்கிவிட்டார்கள். சைக்கிளை மேலேயிருந்து போட்டதில் ஹேண்டில் பார் கோணிக்கொண்டது.

புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஊருக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. நேராக வீட்டுக்கே போய்ப் படுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை நிமிர்த்தினேன். நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது, எங்கே விட்டேனோ அங்கே போவது என்று தோன்றியது. நல்ல எண்ணம் எதுவும் இல்லை. வேறு போக இடம் இல்லை. அவ்வளவுதான்.

கேட்டுக்குத் திரும்பினேன். காஜா போய்விட்டிருந்தான். அங்கிருந்து கடத்தூர். ஏரிக்கரையில் சைக்கிள் வைக்கிற இடத்தில் ஒருத்தரும் இல்லை. வேலிக்குள் சாத்திவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பெரிய வார்த்தை. எருமை ஓட்டி வந்த அம்மா ஒருத்தி, “எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மைதானத்தில் சாமியானாவை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “முடிஞ்சு போச்சுங்களே. சாப்பாட்டுப் பொட்டலங்கூட தீந்துடுச்சு” என்றார்.

“கோடு எங்கீங்க போட்டிருந்தாங்க?”

“எந்தக் கோடு?”

“முடிக்கற கோடு.”

அவர் சுற்றிலும் பார்த்தார். சுண்ணாம்பையெல்லாம் ஜனங்கள் மிதித்து அழித்துவிட்டார்கள். “இங்கதான் எங்கியோ இருந்துச்சு” என்றார். எங்கே என்று தெரியாததால், இருந்திருக்கக்கூடிய இடத்தையெல்லாம் தாண்டி, பள்ளிக்கூடப் படி வரைக்கும் ஓடிப் போய் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துவிட்டு வண்டியோடு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சாட்சி என்று கொண்டுவர எனக்கு யாரும் இல்லை.

மன்றத்துச் சீட்டில் என் பெயருக்கு நேரே ‘பாதியில் விலகினார்’ என்றுதான் போட்டிருக்கிறது. நான் மாற்றச் சொல்லவில்லை.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது நல்ல காரியம். சேர்த்துவிடு.

கிருஷ்ணப்பன்


ஓசூர்
14-2-1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். “இவன் பேச்சைப் போயி நம்பறயா?” என்றாள். நான் துணி காயப்போடப் போனேன்.

நானாக இறங்கினேன் என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால், மீதியைப் படிக்காமல் அடுப்பில் போட்டிருப்பேன். உங்கள் பொய் எனக்குத் தெரியும் மாமா. அது எப்போதும் மாலையும் மேளமுமாக வரும். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் இறக்கிவிடப்பட்டேன் என்று ஒரு பொய்யை உங்களுக்குச் சொல்லத் தெரியாது. கோட்டைத் தேடிக்கொண்டு நின்றதையும் உங்களால் கற்பனை செய்ய முடியாது.

முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நம்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அங்கே நான் வரப்போவதில்லை. அதில் மாற்றம் இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. விட மனசில்லை. நீங்கள்தான் இங்கே வர வேண்டும். கம்பெனி பக்கத்தில் ஒரு குடோனில் சரக்கு எடை போட்டு ஏற்றி அனுப்ப ஆள் கேட்கிறார்கள். நாள் பூரா நடக்கிற வேலை, ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எத்தனை வேலை மாறினீர்கள் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இருந்தும் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் கண்டதும் மண்டியை விட்டுவிட்டு ஓடிவராதீர்கள். முனியப்பனிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மாசம் முடிகிற வரை வேலை பாருங்கள். காஜா அண்ணனைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் அன்றைக்கு அழுகிற மாதிரிதான் போனார்.

அக்கா வீட்டுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை ஒன்று காலியாக இருக்கிறது. பார்த்து வைத்திருக்கிறேன். குழாய் வாசலிலேயே இருக்கிறது.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு. எனக்கு வேலை இல்லை. நானும் பாப்பாவும் பஸ் ஸ்டாண்டில் இருப்போம். நீங்கள் எந்த பஸ்ஸுக்கு வருவீர்கள் என்று எழுத வேண்டாம். அது தப்பினால் அடுத்ததில் வாருங்கள். நேரமானாலும் நிற்கிறோம்.

உங்கள்,
தீர்த்தா