பின்சீட்டுக்குக் காற்று வரவில்லை

2006 ஏப்ரல் 18, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வண்டி கழுவியாச்சு. பூனா விஷ்ராந்த்வாடியில் சாரை ஏற்றி ஆபீசில் இறக்கியாச்சு. இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோயம்புத்தூர்க்காரர், சத்தம் போடமாட்டார். அண்ணா என்று கூப்பிட்டுத்தான் குத்துவார்.

"ஏனுங்கண்ணா, முன்னாடி நல்லா குளுகுளுன்னு இருக்குதுங்களா?"

"ஏசி ஓடுதே சார்."

"உங்களுக்கு ஓடுதுங்க. எனக்கு ஓடலையே."

முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி. அதன் முதுகில், பின்னால் உட்காருபவர் முழங்காலுக்கு நேராக, சின்னதாய் இரண்டு ஏசி ஜன்னல். அதில் ஒரு மூச்சுகூட இல்லை. முன்னால் புயல்.

"டிரைவருங்க பின்னாடி காத்தை அடைச்சுட்டு முன்னாடி சொகமா ஓட்டுவாங்களாமா. ஷிண்டே சொன்னாருங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். இல்லீன்னா வேற ஆள் பாத்துக்கறனுங்க."

ஷிண்டே, சார் குடியிருக்கும் பில்டிங்கில் மூன்றாவது மாடிக்காரரின் டிரைவர். இனிமேல் ஷி. முழுப்பேர் எழுத அவனுக்கு யோக்கியதை இல்லை.

பதினோரு வருசமாய் வண்டி ஓட்டுகிறேன். பெட்ரோல் திருடினேன் என்று எவனும் சொன்னதில்லை. இப்போது காற்றுத் திருடன்.

ஷி.க்குச் செய்ய வேண்டியவை:
1. அவன் வைப்பரில் சாணி.
2. சீட்டுக்கு அடியில் கருவாடு.
3. யோசிக்கணும்.

ராத்திரிச் சாப்பாட்டில் பிலோமியிடம் இரண்டாவதைச் சொன்னேன். "நல்ல கருவாட்ட அவனுக்கா குடுப்ப? எறா தல போதும்" என்றாள். கட்டிய மனைவி என்றால் இப்படி இருக்கணும்.

பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தைரியமாக எழுதலாம்.

ஏப்ரல் 19, புதன்

சார் மேலே மீட்டிங்கில். நான் கீழே பார்க்கிங்கில் டாக்டர் வேலை.

பின் ஏசி ஜன்னலைத் திறந்து மூடும் சின்ன உருளை: திறந்தே இருக்கு. முன்னால் விசிறி நாலாம் நம்பர். பின்னால் காது வைத்தேன். சத்தமே இல்லை. பஸ் டிக்கெட்டைக் கிழித்து நேராகப் பிடித்தேன். அசையவில்லை. ஊதுபத்தி கொளுத்தினேன். புகை ஒழுக்கமாக நேரே மேலே போச்சு.

சாயங்காலம் சார் ஏறினதும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னுங்கண்ணா, பூசையா?"

"காத்து வரணும்னு வேண்டுதல் சார்."

சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

எங்கள் ஏரியா கோர்படியில் ஏசி கடைக்காரனிடம் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே கேஸ் கம்மி என்றான். முன்னால் ஐஸ் கொட்டுது, பின்னால் மட்டும் எப்படிடா கேஸ் கம்மி? அவனையும் லிஸ்டில் சேர்க்கலாம். வேண்டாம், லிஸ்ட் நீளுது.

ஏப்ரல் 20, வியாழன்

வெயில் 40 இருக்கும். தலைவலி. தைலம் வாங்கணும்.

நடுப்பெட்டிக்குள்தான் என் தண்ணி பாட்டில். மத்தியானம் எடுத்துக் குடித்தால் பல் கூசுது. ஒரு மாசமாகவே அப்படித்தான். நல்ல பெட்டி என்று தட்டிக்கூடக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. தண்ணிக்கு ஜில்லு எங்கிருந்து வருது?

பெட்டி அடியில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினேன். விசிறியிலிருந்து பின் ஜன்னலுக்குப் போகிற பிளாஸ்டிக் குழாய் நடுவில் கழன்று கிடக்குது. காற்றெல்லாம் பெட்டிக்குள். சாரின் காற்றை இத்தனை நாளாய் என் தண்ணி பாட்டில் குடித்திருக்கு.

குழாயை ஒதுக்கிவிட்டு அந்தச் சந்தில் ஒரு கத்தை ஒயர். பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்குப் பின்னால் சாரின் பாப்பாவுக்கு மாட்டின டிவியில் முடிந்தது.

டிவி மாட்டியது ஜனவரியில். நான் வேலூரில், தங்கச்சி மகள் கல்யாணத்தில். அன்றைக்கு வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனவன் ஷி. கடை அவன் மச்சானுடையது. குளிர்காலத்தில் யாரும் ஏசி போடவில்லை, அதனால் தெரியவில்லை.

குழாயை ஒரு தள்ளு தள்ளினால் வேலை முடிந்தது. கை பரபரத்தது. தள்ளவில்லை. ஸ்க்ரூவை மறுபடி முடுக்கிவிட்டேன்.

இன்றைக்குச் சொன்னால் "சரிங்க" என்பார். எனக்குச் சரிங்க பத்தாது.

ஏப்ரல் 21, வெள்ளி

தைலம் மறந்துபோச்சு.

சார் இன்றைக்கும் வேர்த்து ஊத்தினார். ஒரு சிக்னல் நேரத்துக்குப் பாவமாக இருந்தது. பச்சை விழுந்ததும் சரியாகிவிட்டது.

"சார், வண்டி ஓடறப்ப பின்னாடி ஒருத்தர் ஒக்காந்து பாக்கணும். நாளைக்கு லீவுதான? நீங்க ஓட்டுங்க, நான் பின்னால ஒக்கார்றேன்."

"நானுங்களா? பூனால ஸ்டீரிங் தொட்டே ரெண்டு வருசமாச்சுங்கண்ணா."

"லைசென்ஸ் இருக்கில்ல சார்?"

"இருக்குதுங்க..."

"அப்புறம் என்ன சார்."

வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. பிலோமி, "எவ கல்யாணம்?" என்றாள்.

ஏப்ரல் 22, சனி

பின்சீட், இடது பக்கம், கால் மேல் கால். சார் முன்னால் ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"காத்து வருதுங்களாண்ணா?"

"இன்னும் கொஞ்ச தூரம் போங்க சார். வேகம் பத்தல."

கொஞ்ச தூரம் கொஞ்ச தூரம் என்று எங்கள் கோர்படி ரயில்வே கேட் வரைக்கும் கூட்டிவந்தேன். கேட் மூடியிருந்தது. வண்டி மூன்று தரம் ஆஃப் ஆச்சு. சைக்கிளில் வந்த எங்கள் தெரு கோயில்பிள்ளை கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆரோக்கியம் அண்ணே! டிரைவர் புதுசா?"

"கத்துக்கிறாரு."

பூனாவில் தமிழ் என்றால் ரகசிய பாஷை; சாருக்கும் அது தெரியும் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம். கண்ணாடியில் ஒரு பார்வை.

கேட் திறக்கிற வழியாய் இல்லை. பின்னால் நிஜமாகவே அடுப்பு. இதில் உட்கார்ந்துகொண்டு தினமும் மனுசன் அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறார். கொஞ்சம் உறுத்தியது. காலைக் கீழே போட்டேன்.

திரும்பி வந்தோம். பில்டிங் வாசலில் ஷி. ஓடிவந்து, குனிந்து, பின் கதவைத் திறந்தான்.

"சலாம் சாப்!"

மெதுவாக இறங்கினேன். "நல்லா இரு மகனே," என்று இந்தியில் ஆசீர்வாதம். அவன் மூஞ்சியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

உறுத்தல் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பெட்டியைத் திறந்தேன். ஷி. கையில் ஊதுபத்தி கொடுத்து, பின் ஏசி ஜன்னல் கிட்டே முகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். விசிறியை நாலில் வைத்துக் குழாயைத் தள்ளினேன். டக். மூன்று மாசத் தூசி, புகை, சாம்பல், மொத்தமும் அவன் மூஞ்சியில்.

சார் டிவி ஒயரைப் பார்த்தார். ஷி.யைப் பார்த்தார். "நீங்க வண்டி கொண்டுபோன கடைதானே?" என்று இந்தியில் கேட்டார். மச்சானைக் கேட்கிறேன் சாப் என்று தும்மிக்கொண்டே போய்விட்டான்.

"தப்பா நெனச்சுட்டனுங்கண்ணா. நீங்களே இருங்க."

"பரவால்ல சார்."

"இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"வியாழக்கெழம சார்."

வாய் முந்திவிட்டது. சார் விரல் விட்டு எண்ணினார்: வியாழன், வெள்ளி, சனி. சாவியை என் கையில் வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பூசையில் ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். ஷி. தும்மினது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பிலோமி தொடையில் கிள்ளினாள். மத்தியானம் எறா. தலையை எடுத்துவைக்கவா என்றாள். இனி தேவையில்லை என்றேன்.

ஏப்ரல் 24, திங்கள்

வெயில் அதேதான். பின் கதவைத் திறந்து நின்றேன். சார் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், பின்னாடி இப்ப ஜில்லுன்னு வருது."

"தெரியுங்கண்ணா. இனிமே நான் இங்கதானுங்க."

வழியெல்லாம் "சிக்னலுங்க", "பஸ்ஸுங்க", "கியரு மாத்துங்க". வாயில் ஒரு பாட்டு முனக முடியவில்லை. முன்னால் நடுவில் இருக்கும் ஏசி ஜன்னல் இரண்டையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். காலி பின்சீட்டுக்கு ஊட்டிக் காற்று. எனக்கு வலது முழங்கை மட்டும் குளிர்ந்தது.