முட்டுகளைக் கழற்றச் சொன்னது யார்?

வியாழன்.

ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பி எடுக்க கிருஷ்ணகிரி போயிருந்த நேரத்தில் ஆர்க்கிடெக்ட் ஓசூரிலிருந்து பாரூர் சைட்டுக்கு வந்திருக்கிறான். போர்டிகோ கூரைக்கு கான்கிரீட் போட்டு எட்டு நாள்தான் ஆகிறது, இன்னும் முழுசாக இறுகவில்லை. வீட்டுக்காரர் முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டார் என்று, அடியில் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றச் சொல்லியிருக்கிறான். கூரையின் முன்பக்கம் உடைந்து, மணல் சுமந்துகொண்டிருந்த மாரியம்மாவின் காலில் விழுந்துவிட்டது.

நான் வந்ததும் வீட்டுக்காரர் எதிரிலேயே சொல்கிறான்: "டிராயிங் மட்டும்தான் என் வேலை. சைட்டுக்கு சூப்பர்வைசர் இவரு. விட்டுட்டுப் போனது இவரு தப்பு."

"முட்டுல கை வெக்கச் சொன்னது யாருய்யா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்காரர்தான் விலக்கிவிட்டார். கழற்றிய ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது. மாரியம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து, "அவன் சொன்னா இவனுங்க செஞ்சிடறதா?" என்றேன்.

"நீதானேண்ணா போன மாசம் எல்லாரையும் நிக்க வெச்சு சொன்ன, நான் இல்லாதப்ப அந்த சார் சொல்றத கேளுங்கன்னு?"

சொன்னேன். அவனோடு தினமும் மல்லுக்கட்ட முடியாமல்தான் சொன்னேன். எதில் கேட்க வேண்டும், எதில் கேட்கக் கூடாது என்று பிரித்துச் சொல்லவில்லை.

நாளைக்கு அவன் சைட்டுக்கு வரட்டும். முட்டு, கம்பி, கான்கிரீட் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் நடக்காது என்று எழுதி வாங்காமல் உள்ளே விடமாட்டேன். அவனிடம் சண்டை போட எனக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகத்தான் தைரியம் வரவில்லை.