பன்னிரண்டு விநாடி அமைதி

அக்கா,

"இது உங்களுக்கே நடக்கிறதுதானே?" என்று அன்றைக்கு நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடம்கூட எனக்குத் தெரியும். இன்று காலை துறை அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது நம் முதலாண்டுப் பயிற்சிக் கோப்பு கையில் வந்தது. நான்காம் பக்கத்தில், என் கையெழுத்தில், "அமைதி, பன்னிரண்டு விநாடி" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது. அந்த இடம்தான்.

முதுகலை உளவியல் இரண்டாம் பருவத்தில், ஆலோசனைப் பயிற்சிக்கு நம்மை ஜோடி சேர்த்திருந்தார்கள். ஒருவர் ஆலோசகர், மற்றவர் ஏதாவது ஒரு பிரச்சினையைக் கற்பனை செய்துகொண்டு எதிரில் வந்து உட்கார வேண்டும். இருபது நிமிடம் போனில் பதிவாகும். பிறகு ஆலோசகராக இருந்தவர் அதைக் கேட்டு, இருமல், பெருமூச்சு, அமைதி என ஒன்று விடாமல் எழுதி, பயிற்சி நடத்தும் மேடத்திடம் கொடுக்க வேண்டும். நடிப்பிலிருந்து பாதியில் வெளியே வரக் கூடாது என்பது விதி.

உங்களுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டத்தில் பூப் பறித்துப் போட்டுவிட்டு, பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வருவீர்கள். ஆளுமைக் கோட்பாடுகள் வகுப்பில் உங்களுக்குக் கண் சொக்கும். நடிக்க உட்கார்ந்தால் மட்டும் தூக்கம் எங்கே போகுமோ தெரியாது. ஒரு வாரம் மாமியாரைப் பழிவாங்கத் துடிக்கும் மருமகள், மறுவாரம் காதலில் தோற்ற கல்லூரிப் பெண். "ஏன் தாயி சிரிக்கிற? நான் மனசு ஒடஞ்சு வந்திருக்கேன், நீ பல்லக் காட்டுற" என்று என்னை அதட்டிப் பதிவையே கெடுத்துவிடுவீர்கள்.

அன்றைக்கு அப்படி இல்லை. "மார்ல ஒரு கட்டி இருக்கு மேடம். மூணு மாசமா இருக்கு. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. பையன் ப்ளஸ் டூ எழுதுறான், முடியட்டும்னு இருக்கேன்" என்றீர்கள். உங்கள் வலது கை இடது அக்குளுக்கு அடியில் போய் நின்றது. நான் பாடத்தில் படித்ததைச் சொன்னேன். "இத ஒத்தையில சுமக்குறது உங்களுக்குப் பாரமா இருக்கு."

"ஆமா மேடம்."

அதற்குப் பிறகுதான் அந்த அமைதி. உங்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

பதிவை நிறுத்திய பின்பும் உங்கள் கை அங்கேயே இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, நடித்தவருக்கான மதிப்பீட்டுத் தாளில் "கண்ணீர் மிக இயல்பு" என்று எழுதினேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "அம்புட்டுத்தானா? பத்துக்குப் பத்து போடு தாயி, பஸ்ஸு போயிரும்."

நான் பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்த தாளில், மேடம் அந்த அமைதிக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "அவசரப்படாமல் காத்திருந்தது நன்று." நான் காத்திருக்கவில்லை, அக்கா. இது உங்களுடையதா என்று நான் கேட்டு, நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நடிப்பு என்றே வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பாராட்டும் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, பையனின் பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு, நீங்களாகவே மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டினீர்கள். புற்றுநோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்த அன்று, ரயில் கொடைரோட்டில் நின்றபோது ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். "நம்மூருத் திராட்சைய எனக்கே காட்ட வந்தியாக்கும்" என்றீர்கள். தலையில் துண்டு கட்டியிருந்தீர்கள். படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று நான் சொன்னேன். சமாதானம் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கு நீ கேப்பேன்னு பாத்தேன்" என்றீர்கள். ஒரு திராட்சையைத் தோல் உரித்தீர்கள். "கேட்டிருந்தா நடிப்புன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்கணும்." பிறகு, "இப்ப விட்டுட்டுப் போனேன்னா, கேக்கத் தெரியாதவளாவே போயிருவ. போயி முடி."

அந்த நான்கு மாதம் எதையாவது மாற்றியிருக்குமா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும், அன்று நான் கேட்டிருக்க வேண்டும் என்பது மாறாது.

தை மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் வகுப்பில் இருந்தேன்.

இப்போது கடைசிப் பருவம். முதலாண்டுப் பிள்ளைகளின் பயிற்சியில் சீனியர்களும் உடன் உட்கார வேண்டும். ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள மேடத்திடம் அனுமதி கேட்டேன். பதிவை நிறுத்தியதும் நடித்தவரை நாற்காலி மாறி உட்காரச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி, "இதுல உங்களோடது ஏதாவது இருக்கா?" என்று கேட்பது.

"அப்படிக் கேட்டா பயந்துருவாங்கம்மா" என்றார் மேடம்.

"பயப்படட்டும் மேடம். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிர மாட்டேன். கூடவே இருப்பேன்."

"சரி, கேளு. ஏதாவது இருந்துச்சுன்னா அன்னைக்கே எங்கிட்ட வரணும்" என்றார்.

இதுவரை ஒன்பது பேரிடம் கேட்டுவிட்டேன். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். அவர்களில் ஒருவன், "இருந்தா இம்புட்டு நல்லா நடிச்சிருப்பேனாக்கா?" என்றான். அவனிடம் இன்னொரு முறை கேட்டேன். ஒன்பதாவது பெண்ணும் இல்லை என்றுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "இல்லன்னு சொன்னது பொய்க்கா" என்றாள்.

இந்த முறை நான் அடுத்த வாக்கியத்தைத் தேடவில்லை. எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தோம் என்று எண்ணவும் இல்லை. அவள் சொன்னதை உங்களிடம்கூட எழுத மாட்டேன், அக்கா. அவள் சம்மதத்தோடு அன்றே மேடத்திடம் போனோம்.

மறுநாள் காலை அவளோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.